மகள் ஒட்டி வைத்த அந்த விளம்பரம்

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்று புற்றுநோய் உயிரியலில் மூத்த ஆராய்ச்சியாளர் ஒருவரைத் தேடுகிறது. அந்த விளம்பரத்தை உங்கள் மகள் அச்செடுத்துத் தன் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறாள். அதைப் பார்த்த பெரியப்பா, "டாக்டருக்குப் படி என்றால் மாட்டு டாக்டருக்குப் படிக்கப் போகிறாளாம்" என்று சொல்லிவிட்டார். அன்று முதல் உங்களுக்குத் தூக்கம் இல்லை.

உங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் கடன் வாங்கியாவது மருத்துவக் கல்லூரியில் ஓர் இடம் பிடித்துவிடலாம் என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அது தவறு. அவள் கேட்காத படிப்புக்கு அவள் தலையில் கடனை ஏற்றாதீர்கள். மனித மருத்துவத்தின் பெருமையைச் சொல்ல உங்கள் வீட்டில் ஆள் இருக்கிறது. ஆகவே அவர்கள் யாரும் சொல்லாத துறையைப் பற்றி நான் சொல்கிறேன்.

புற்றுநோய் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதிக்கு விலங்குகள்தான் வழிகாட்டின. 1876-இல் ரஷ்யக் கால்நடை மருத்துவர் நோவின்ஸ்கி ஒரு நாயின் கட்டியை இன்னொரு நாய்க்கு மாற்றி வளர்த்துக் காட்டினார். 1911-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் பெய்டன் ரவுஸ், கோழியின் புற்றுக்கட்டி வைரஸால் பரவுவதைக் கண்டார்; நோபல் பரிசு அவரை வந்தடைய 1966 ஆயிற்று. அந்த வைரஸில் இருக்கும் புற்றுநோய் மரபணு இயல்பான உயிரணுவிலிருந்தே வந்தது என்று காட்டிய பிஷப்பும் வார்மஸும் 1989-இல் அதே பரிசைப் பெற்றார்கள். பூனைகளின் ரத்தப் புற்றுக்குக் காரணமான வைரஸை 1964-இல் கண்டறிந்த வில்லியம் ஜாரெட் ஒரு கால்நடை மருத்துவர். பெரியப்பாவுக்கு ஒரு செய்தி: 1996-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட பீட்டர் டோஹர்ட்டி படித்ததும் கால்நடை மருத்துவம்தான்.

விலங்குகளின் புற்றுநோயையும் மனிதரின் புற்றுநோயையும் ஒப்பிட்டுப் படிக்கும் இந்தத் துறைக்கு இப்போது ஒப்பீட்டுப் புற்றுநோயியல் என்று பெயர். ஆய்வகச் சுண்டெலிக்குப் பெரும்பாலும் நாம்தான் கட்டியைப் புகுத்துகிறோம். வீட்டு நாய்க்கோ அது தானாக வருகிறது. அந்த நாய் நம்மோடு ஒரே கூரையின் கீழ் ஒரே காற்றைச் சுவாசிக்கிறது, அதன் நோய் எதிர்ப்புச் சக்தியும் முழுதாக இருக்கிறது. வளரிளம் பிள்ளைகளின் கால் எலும்பைத் தாக்கும் ஆஸ்டியோசார்கோமா என்ற புற்றுநோய், பெரிய இன நாய்களுக்கு மனிதர்களைவிடப் பல மடங்கு அதிகமாக வருகிறது. நாயின் ஆயுள் குறுகியது, நோயும் வேகமாக நகர்கிறது. அதனால் ஒரு மருந்து பலன் தருகிறதா என்பது மனிதச் சோதனையைவிட மிக விரைவில் தெரிந்துவிடும். இந்த எலும்புப் புற்றுக்கான மிஃபமுர்டைட் என்ற மருந்து முதலில் நாய்களிடம் பலன் காட்டியது. 2009-இல் ஐரோப்பாவில் பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் அனுமதிக்கப்பட்டது. காலை வெட்டாமல் கட்டியை மட்டும் அகற்றும் அறுவை முறைகள் செம்மைப்பட்டதில் நாய்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2003-இல் இதற்கென்றே ஒரு திட்டம் தொடங்கி, கால்நடை மருத்துவமனைகளை ஒரே வலையில் இணைத்தது. அங்கே மருந்து பெறும் நாய் யாரோ ஒருவரின் செல்லப் பிராணி. உரிமையாளரின் ஒப்புதலோடுதான் சிகிச்சை நடக்கிறது, நாய்க்கும் அதனால் நன்மை கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. என்னை இந்தத் துறையிடம் இழுத்தது இதுதான்.

இனி அந்த விளம்பரத்துக்கு வருவோம். அதில் "மூத்த" என்ற சொல்லை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். இப்படிப்பட்ட பதவிக்குப் பட்டம் மட்டும் போதாது. சொந்தமாக ஆய்வு நிதி ஈட்டியிருக்க வேண்டும், தொடர்ந்து கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும், மாணவர்களை வழிநடத்தியிருக்க வேண்டும், மனிதப் புற்றுநோய் மையத்தோடு சேர்ந்து வேலை செய்யத் தெரிய வேண்டும். பள்ளி முடித்த நாளிலிருந்து எண்ணினால் கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள். இதை மகளிடம் மறைக்காதீர்கள்.

அந்த இருபது ஆண்டும் வெறும் காத்திருப்பு என்று எண்ணிவிடவும் வேண்டாம். கால்நடை மருத்துவப் பட்டம் கைக்கு வந்து, பதிவும் செய்துவிட்டால் சிகிச்சை செய்யும் உரிமை வந்துவிடும். அதன்மேல் நோயியல் படித்தால், புதிய மருந்து மனிதருக்குப் போகுமுன் விலங்குத் திசுக்களை நுண்ணோக்கியில் படித்து அது பாதுகாப்பானதா என்று சொல்லும் வேலை இருக்கிறது. மருந்து நிறுவனங்களுக்கு அந்த ஆள் இல்லாமல் முடியாது. விலங்குப் புற்றுநோய் சிகிச்சையில் சிறப்புப் பயிற்சியும் பெறலாம். சிகிச்சையே வேண்டாம், ஆய்வகம் மட்டும் போதும் என்கிறாளா? உயிரியல் படித்து முனைவர் பட்டம் பெற்றவர்களையும் இத்தகைய பதவிகள் பல ஏற்கின்றன. என் கருத்தைக் கேட்டால், கால்நடை மருத்துவப் பட்டமும் முனைவர் பட்டமும் சேர்ந்திருப்பவருக்கே மதிப்பு அதிகம். நோயாளியையும் உயிரணுவையும் ஒருசேர அறிந்தவர்கள் எங்குமே குறைவு.

செலவில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முதல் பட்டத்துக்காக வெளிநாட்டுக் கடன் வேண்டாம். கால்நடை மருத்துவம் பல நாடுகளில் மிகச் செலவான படிப்பு. முனைவர் ஆய்வுக்கு உங்கள் கையிலிருந்து ஒரு காசும் போகக் கூடாது. பல நாடுகளில் அறிவியல் ஆய்வு மாணவருக்குக் கட்டணத்தை விலக்கி உதவித்தொகையும் தருகிறார்கள். அது இல்லாத இடம் கிடைத்தால் மறுத்துவிட்டு அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கட்டும்.

கடைசியாக, அவளிடம் நீங்கள் கேட்க வேண்டிய ஒரு கேள்வி. நாய்க்குட்டி பிடிக்கும் என்பதற்காகவா, அல்லது கட்டி ஏன் வளர்கிறது என்று அறியும் ஆவலாலா? முதலாவது மட்டும் என்றால் நானே தடுப்பேன். புற்றுநோய்ப் பிரிவில் வாரந்தோறும் ஏதோ ஒரு குடும்பம் தன் பிராணியைக் கருணைக்கொலைக்கு ஒப்படைக்கும். மாதக்கணக்கில் செய்த சோதனை பலன் தராமல் போகும். இரண்டையும் தாங்க வேண்டும்.

விண்ணப்பம் அனுப்புமுன் அவளை இரண்டு வாரம் ஒரு விலங்கு மருத்துவமனையில் உட்கார வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் எதைப் பற்றி அதிகம் பேசுகிறாள் என்று கேட்டு, அவள் சொல்லும் சொற்களையே எனக்கு எழுதுங்கள். அதுவரை அந்தத் தாளைச் சுவரிலிருந்து எடுக்க வேண்டாம்.