கேள்வி–பதில்: காலநிலைப் பாடத்தைக் கலங்கலில் தொடங்குங்கள்

நகரத் திட்டமிடல் மாணவர்களுக்குக் காலநிலைத் தகவமைப்பு பாடம் எடுக்கிறேன். என்ன பயிற்சி கொடுத்தாலும் மரம் நடுதல், சோலார் பேனல் என்றே எழுதி வருகிறார்கள். எங்கே தொடங்குவது?
– கல்லூரி ஆசிரியர், சென்னை

சோலார் பேனல் உமிழ்வைக் குறைக்கிறது, அது தணிப்பு. மழையும் வெயிலும் கூடத்தான் போகிறது என்று வைத்துக்கொண்டு ஊரை அதற்குத் தயார் செய்வதுதான் தகவமைப்பு. இதை வகுப்பில் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். மனதில் பதிய வேண்டுமென்றால் பிள்ளைகளை ஓர் ஏரியின் கலங்கலுக்கு, அதாவது ஏரி நிரம்பினால் உபரிநீர் வழிந்து வெளியேறும் இடத்துக்கு, அழைத்துப் போங்கள்.

உங்களுக்குப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் பக்கத்திலேயே இருக்கிறது. தென்சென்னையின் பல ஏரிகளுடைய உபரிநீர் அந்தச் சதுப்புக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, முட்டுக்காட்டில் கடலைத் தொடுகிறது. ஒரு குழுவுக்கு ஓர் ஏரி, ஒரே ஒரு போக்குக் கால்வாய் போதும். முதலில் எஃப்.எம்.பி. (புல அளவு வரைபடம்), அ-பதிவேடு (எந்த நிலம் எந்த வகை என்று சொல்லும் கிராமப் பதிவேடு), 1:50,000 டோப்போ ஷீட் (நில அமைப்பு வரைபடம்) மூன்றையும் வைத்துக் கால்வாய்ப் புறம்போக்கைத் தாளில் வரையட்டும். பிறகு அந்தக் கோட்டின் மேலேயே நடக்கட்டும். கோடு எங்கே ஒரு வீட்டுச் சுவரில் முட்டுகிறதோ, பாடம் அங்கேதான் இருக்கிறது.

வழியில் உள்ள ஒவ்வொரு சிறுபாலத்தின் அகலம், உயரம், உள்ளே படிந்த வண்டலின் ஆழம் ஆகியவற்றை டேப்பாலும் கம்பாலும் அளக்க வேண்டும். 1.2 மீட்டர் உயரப் பாலத்தில் 50 செ.மீ. வண்டல் இருந்தால், தண்ணீர் போகும் வழியில் 40 விழுக்காட்டுக்கு மேல் ஏற்கெனவே அடைபட்டுவிட்டது.

அடுத்தது கணக்கு. வழிந்தோடும் நீர் (வினாடிக்குக் கன மீட்டர்) = வழிவுக் கெழு × மழை (மணிக்கு மி.மீ.) × பரப்பு (ஹெக்டேர்) ÷ 360. வழிவுக் கெழு என்பது பெய்த மழையில் மண்ணுக்குள் போகாமல் வழிந்தோடும் பங்கு. பத்து ஹெக்டேர் புதர்நிலம், கெழு 0.3, மணிக்கு 60 மி.மீ. மழை என்றால் 0.5 கன மீட்டர். அதே இடம் வீடும் கான்கிரீட்டுமாகிக் கெழு 0.8 ஆனால் 1.33. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் காற்று சுமார் 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அந்தக் கணக்கில், மூன்று டிகிரிக்கு மழையை 20 விழுக்காடு கூட்டிப் பார்த்தால் 1.6 வரும்.

இந்த மூன்று எண்களையும் கரும்பலகையில் வரிசையாக எழுதிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருங்கள். மழை கூடியதைவிட மண்ணை மூடியதுதான் பெரிய தாவல் என்பதை அவர்களே பார்த்துவிடுவார்கள். திட்டமிடுபவர் கையில் இருப்பதும் அந்த 0.8தான். ஒரு எச்சரிக்கை: இந்தச் சூத்திரம் சிறு நிலப்பரப்புக்கு மட்டும்தான். சதுப்பு முழுவதற்கும் போட்டால் தேக்கம் கணக்கில் வராது, விடை தப்பாகும்.

இலவச உயர வரைபடத்தில் 1 மீட்டருக்குக் கீழ் உள்ள இடத்துக்கெல்லாம் நீலம் அடித்து வெள்ள வரைபடம் செய்தோம். தேர்வுக் குழு ஏற்கவில்லையே, ஏன்?
– மாணவி, திருச்சி

எஸ்.ஆர்.டி.எம். (விண்ணிலிருந்து ரேடாரால் எடுத்த உயரத் தரவு) போன்ற, 30 மீட்டருக்கு ஓர் அளவு தரும் தரவுகளில் உயரப் பிழையே சில மீட்டர் வரை வரும். கூரையையும் மர உச்சியையும் அவை தரை என்று எடுத்துக்கொள்ளும். கடலோரச் சமவெளியிலோ அரை மீட்டர்தான் வீட்டுக்குள் தண்ணீர் வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கிறது. தவிர, தாழ்வாக இருந்தால் மட்டும் போதாது, தண்ணீர் அங்கே வர வழியும் வேண்டும்.

கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப் ஒன்று வாங்குங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த தெரு என்றால், அடுத்தடுத்த மூன்று வீடுகளில் தண்ணீர் எதுவரை நின்றது என்று தனித்தனியே கேட்டுச் சுவரில் குறியுங்கள். பிறகு குறிக்குக் குறி டியூப்பை வைத்துப் பாருங்கள். தேங்கிய தண்ணீர் மட்டமாகத்தான் நிற்கும். ஒரு குறி மட்டும் 30 செ.மீ. விலகினால், அது வேறு வருடத்து நினைவாக இருக்கலாம், மறுபடி கேளுங்கள். டியூப்பில் ஒரு குமிழி இருந்தாலும் அளவு பொய் சொல்லும். மெதுவாகத் தண்ணீரை நிரப்பி, குழாய் முழுக்க விரலால் தட்டிக் குமிழியை வெளியேற்றுங்கள். தூக்கிச் செல்லும்போது இரு முனையையும் கட்டைவிரலால் அடையுங்கள். மட்டம் பார்க்கும்போது இரண்டையும் திறக்க மறக்க வேண்டாம்.

ஆற்றோர மக்களை வேறிடத்துக்கு மாற்றுவதைத் தகவமைப்பு என்று எழுதினால் மதிப்பெண் தரலாமா?
– ஆய்வு மாணவர், மதுரை

எங்கே மாற்றுகிறார்கள் என்று எழுதாவிட்டால் தரக்கூடாது. சென்னையின் கூவம், அடையாறு கரைகளிலிருந்து மக்கள் குடியேற்றப்பட்ட இடங்களில் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் உண்டு. இரண்டும் பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்நிலம், இரண்டிலும் வெள்ளம் புகுந்திருக்கிறது. போகிற இடத்தின் தரைமட்டம், மழைநாளில் வெளியே வரும் சாலையின் உயரம், பழைய வேலைக்குப் போய்வர ஆகும் நேரமும் பஸ் செலவும் ஆகிய நான்கையும் மாணவர் அளந்து எழுதியிருந்தால் முழு மதிப்பெண் கொடுங்கள்.