ஒற்றை ஆளாக நூலகம் நடத்துபவர் தொழிலில் வளர என்ன செய்யலாம்?

கேள்வி இது: "எம்.எல்.ஐ.எஸ். (நூலக அறிவியல் முதுகலை) முடித்துத் தனியார் கல்லூரி ஒன்றில் நூலகராகச் சேர்ந்திருக்கிறேன். உதவிக்கு ஆள் கிடையாது. சந்தேகம் கேட்கக்கூட யாரும் இல்லை. சங்கம், பயிலரங்கு என்று போவதால் உண்மையில் பயன் உண்டா?"

பதினாறு வருடமாக டெல்டா பக்கம் ஒரு கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். நீங்கள் சொல்வது எனக்கு அத்துப்படி. காலையில் பூட்டைத் திறப்பது, நாளிதழை எடுத்து மேசையில் போடுவது, புது நூலுக்கு எண் போட்டு முத்திரை குத்துவது, தாமதக் கட்டணத்துக்கு மாணவர்களோடு மல்லுக்கட்டுவது எல்லாம் ஒரே ஆள்தான். கல்லூரிகளுக்குத் தரச் சான்று தரும் 'நாக்' அமைப்பின் மதிப்பீடு வருகிறது என்றால் மட்டும் நூலகப் பகுதியை நிரப்ப வேண்டுமே என்று மேலே இருப்பவர்களுக்கு நம் ஞாபகம் வரும்.

முதலில் சான்றிதழ் விஷயத்தை முடித்துவிடுகிறேன். யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) சம்பள விகிதத்தில் இருந்தால் பதவி உயர்வுக்குப் புத்தாக்கப் பயிற்சி வேண்டும், போய்விட்டு வாருங்கள். நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வை எழுதவில்லை என்றால் எழுதுங்கள். மற்றபடி சான்றிதழ் சேர்ப்பதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. 2020 ஊரடங்கில் தினம் ஒரு இணையவழிக் கருத்தரங்கு நடந்தது. கூகுள் படிவத்தில் இருபது கேள்விக்குப் பதில் தட்டினால் மின்னஞ்சலில் சான்றிதழ் வந்து விழும். என் கோப்பில் அப்படி 37 இருக்கின்றன. எதில் என்ன படித்தேன் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பேன்.

எனக்கு உதவியது வேறு. 2015இல் கோஹா மென்பொருள் பயிலரங்கு ஒன்றுக்குப் போயிருந்தேன். (நூல் பட்டியல், இரவல் கணக்கையெல்லாம் பார்த்துக்கொள்ள நியூசிலாந்தில் ஒரு வட்டார நூலகத்துக்காக எழுதி, 2000 முதல் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்ட மென்பொருள் அது. கோஹா என்றால் மாவோரி மொழியில் கொடை.) அன்று மேடையில் பேசியது எதுவும் மனதில் நிற்கவில்லை. மதியம் சாம்பார் சாதத்துக்கு நின்ற வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு சாரிடம் பேச்சுக் கொடுத்து, எண் வாங்கி வைத்துக்கொண்டேன். பக்கத்து மாவட்டத்துக் கல்லூரி நூலகர்.

இரண்டு வருடம் கழித்து, ஜூன் மாதம் கல்லூரி திறக்கிற வாரம், ஒரு இடி மழையில் என் மேசைக்கடியில் இருந்த சர்வரின் மதர்போர்டு கருகிவிட்டது. சர்வர் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், பழைய டெஸ்க்டாப்தான். ஆறு வருடமாக நான் ஒவ்வொன்றாகத் தட்டி ஏற்றிய 14,000 நூல்களின் பதிவுகள் அதற்குள் இருந்தன. அழாத குறையாக அந்த சாருக்குப் போன் போட்டேன்.

"பேக்கப் எங்க வச்சிருக்கீங்க மேடம்?"

"பேக்கப்பா சார்?"

கொஞ்ச நேரம் எதிர்முனையில் சத்தமே இல்லை. சனிக்கிழமை வருவதாகச் சொன்னார். இரண்டு பஸ் மாறி, சட்டைப்பையில் ஸ்க்ரூ டிரைவரோடு வந்தார். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி அலுவலகக் கணினியில் மாட்டினோம். விண்டோஸில் அது திறக்கவில்லை. தன் பென் டிரைவிலிருந்து உபுண்டு என்கிற லினக்ஸ் இயங்குதளத்தை ஓட விட்டு, 'வார்' என்ற கோப்புறை, அதற்குள் 'ஸ்பூல்', அதற்குள் 'கோஹா' என்று போனார். அங்கே முந்தைய இரண்டு நாள் தேதி போட்ட சுருக்கப்பட்ட கோப்புகள் இருந்தன. கோஹாவை டெபியன் தொகுப்பாக (லினக்ஸில் மென்பொருளை ஏற்றும் ஒரு வழி) நிறுவியிருந்தால் அது தினமும் தானே ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும், பழையதை அழித்துக்கொண்டே வரும். எனக்கு அது தெரியவே தெரியாது. "ஆனா ஒண்ணு மேடம், அதே டிஸ்க்லதான் வைக்கும். டிஸ்க்கே போயிருந்தா இதுவும் போயிருக்கும். இன்னைலேர்ந்து வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பென் டிரைவ்ல எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோயிடுங்க" என்றார்.

எவ்வளவு தரவேண்டும் என்று கேட்டதற்குச் சிரித்தார். அடுத்த மாதம் தன் நூலகத்தில் நூல் இருப்புச் சரிபார்ப்பு, இரண்டு நாள் வந்து கைகொடுங்கள் என்றார். போனேன். அலமாரிக்கு அலமாரி பார்கோடைப் படித்துக்கொண்டே போகும் முறையை அங்கேதான் கற்றேன். அதுவரை ஒவ்வொரு மே மாதமும் பதிவேட்டை வைத்துப் பென்சிலால் டிக் அடித்துக்கொண்டிருந்தவள் நான்.

தனிமை இந்தத் தொழிலுக்குப் புதிதில்லை. எஸ். ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் போனபோது சில வாரங்கள்கூட அவருக்குத் தாங்கவில்லை. மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவருக்கு ஆள் அரவமற்ற அந்த அறை சலித்துவிட்டது. பழைய வேலையையே கொடுங்கள் என்று திரும்பி வந்து நின்றார். லண்டன் போய் நூலகப் படிப்பைப் பார்த்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்கவில்லை என்றால் கணக்கு வகுப்பு உங்களுக்கே என்று சொல்லி அனுப்பினார்கள். அங்கே ஊர் ஊராக நூலகங்களையும் நூலகர்களையும் பார்த்துவிட்டு வந்தவர்தான் கடைசி வரை இந்த வேலையை விடவில்லை. 1928இல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கியது, மறு வருடமே அதன் சார்பில் கோடைக்காலப் பயிற்சி வகுப்பு. 1931இல் அவருடைய 'நூலக அறிவியலின் ஐந்து விதிகள்' நூலை வெளியிட்டதும் அந்தச் சங்கம்தான். அதே 1931இல் மன்னார்குடியில் மாட்டு வண்டியில் நூலகம் ஓடியது. 1948இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்ததற்குப் பின்னால் இந்தக் கூட்டத்தின் இருபது வருட நச்சரிப்பும் இருக்கிறது. இன்றும் வீட்டு வரியோடு நூலக வரி கட்டுகிறோமே, அது அந்தச் சட்டத்தில் தொடங்கியது.

இன்றைய சங்கங்களில் பொன்னாடையும் நினைவுப் பரிசும் கொஞ்சம் அதிகம்தான், மறைக்கவில்லை. ஆனாலும் உறுப்பினர் ஆகுங்கள். கூட்டத்துக்குப் போனால் முன்வரிசையில் இடம் பிடிக்க வேண்டாம். சாப்பாட்டு வரிசையில் நில்லுங்கள்.

இப்போது எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. முப்பது சொச்சம் பேர். காலை வணக்கம் படம் போட்டால் வெளியே. அதை நடத்துபவர் ஒரு பாலிடெக்னிக் நூலகர், எங்கள் எல்லாரையும்விடச் சம்பளம் குறைந்தவர், வயதிலும் சின்னவர். ஒருநாள் அவர் தன் நூலகப் பட்டியலில் இருந்த தமிழ் எழுத்தாளர் பெயர்களை, தப்புத் தவறோடு, அப்படியே ஒரு விரிதாளில் போட்டுக் குழுவில் பகிர்ந்தார். "என் குப்பை இது. உங்க குப்பையையும் போடுங்க" என்று ஒரு வரி மட்டும். தலைமைப் பண்பு பற்றி நாள் முழுக்க வகுப்பு எடுக்கிறார்கள். எனக்குத் தெரிந்து அந்த ஒரு வரிதான் அது. தன் பட்டியலில் பிழை இருக்கிறது என்று ஒத்துக்கொள்ள எந்த நூலகருக்கும் மனசு வராது. அவர் போட்ட பிறகு நாங்களும் போட்டோம்.

பிழை எங்கே என்றால், நம் பட்டியல் முறை குடும்பப் பெயர், காற்புள்ளி, பிறகு சொந்தப் பெயர் என்று வெள்ளைக்காரர் வழக்கத்துக்குச் செய்தது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? ரங்கநாதனையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எழுத்து ஊர் சீர்காழி, இரண்டாவது அப்பா, ரங்கநாதன் என்பது அவருடைய சொந்தப் பெயர். போதாக்குறைக்குப் புனைபெயர் வேறு. என் நூலகத்தில் 'கல்கி' என்று தேடினால் பதினொரு நூல், 'கிருஷ்ணமூர்த்தி, ரா.' என்று தேடினால் வேறு ஆறு. புதுமைப்பித்தன் ஓரிடம், 'விருத்தாசலம், சொ.' இன்னோரிடம். ஒரு மாணவி தேடிவிட்டு இல்லை என்று திரும்பிப் போயிருப்பாள், நூல் மூன்றாவது அலமாரியில் சும்மா இருந்திருக்கும்.

ஆளுக்கு ஐம்பது பெயர் என்று பிரித்துக்கொண்டு, நூலில் எந்தப் பெயர் அச்சாகியிருக்கிறதோ அதைத் தலைப்பாக வைத்து, மற்றப் பெயர்களிலிருந்து அதற்கு 'காண்க' என்று வழிகாட்டும் குறிப்பு போட்டு வருகிறோம். ஒருவர் சரிசெய்த பதிவை மற்றவர்கள் அப்படியே இறக்கிக்கொள்கிறோம். இதற்குச் சான்றிதழ் கிடையாது, என் சுயவிவரத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்றும் புரியவில்லை. ஆனால் பட்டியலாக்கம் பற்றி எம்.எல்.ஐ.எஸ்.சில் படித்ததைவிட இதில்தான் அதிகம் படித்தேன்.

சரி, உங்களுக்கு. இந்த மாதமே உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கும் பக்கத்துக் கல்லூரி நூலகத்துக்கும் ஒரு நடை போய்வாருங்கள். கையில் ஒரு சந்தேகத்தோடு போங்கள், சும்மா அறிமுகம் என்று போனால் டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அப்புறம், பேக்கப் எங்கே இருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

எங்கள் குழுவில் இந்த வாரம் பாரதியார் வந்திருக்கிறார். 'பாரதி, சுப்பிரமணிய' என்று வைப்பதா, 'சுப்பிரமணிய பாரதி' என்றே விடுவதா, 'பாரதியார்' போதுமா என்று நாலு நாளாகச் சண்டை. முந்தாநாள் ராத்திரி பதினொன்றரைக்கு ஒருவர் 'சி.'யை எங்கே போடுவது என்று கேட்டு வைத்திருக்கிறார். இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.