எட்வர்ட் பிரபுவின் பூட்ஸ்

அன்புள்ள ஐயா,

மூன்று வருடமாக அயர்லாந்தில் மேனூத் ஊரில் இருக்கிறேன், ஐ.டி. வேலை. வீட்டிலிருந்து பத்து நிமிஷம் நடந்தால் ஃபிட்ஸ்ஜெரால்டுகளின் இடிந்த கோட்டை. ஊருக்கு மறுபுறம் அவர்களுடைய கார்ட்டன் மாளிகை, இப்போது அது ஹோட்டல். உங்கள் உரை ஒன்றின் காணொளியில் 1798 ஐரிஷ் கிளர்ச்சியைப் பற்றிப் பேசும்போது ‘எட்வர்ட் பிரபு’ என்று இந்தக் குடும்பத்து ஆள் ஒருவரைச் சொல்லி, ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். அன்றிலிருந்து அவர் மண்டையைக் குடைகிறார்.

பிரபு என்கிறார்கள், ஆனால் அவர் கீழவையில் உறுப்பினராக இருந்திருக்கிறார். அது எப்படி? குடும்பமோ ஆங்கிலேய அரசனின் பெயரால் அயர்லாந்தைப் பிடித்தவர்களின் வம்சம். அதில் பிறந்தவர் அதே அரசனுக்கு எதிராக வாள் எடுக்கிறார். பணக்கார வீட்டுப் பிள்ளையின் விளையாட்டு என்கிறார் என்னோடு வேலை செய்யும் ஐரிஷ்காரர் ஒருவர். இன்னொருவர் தியாகி என்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பி.கு. அந்தக் குடும்பச் சின்னத்தில் ஏன் குரங்கு?

அன்புடன்,
கே., மேனூத்

அன்புள்ள கே.,

முதலில் குரங்கு, அதுதான் சுலபம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஆத்தை ஊர்ப் பக்கம் வுட்ஸ்டாக் கோட்டையில் தீப்பிடித்ததாம். அலறி ஓடியவர்கள் கைக்குழந்தையை மறந்துவிட்டார்கள். அந்த வீட்டில் வளர்ந்த குரங்கு குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோபுரத்தில் ஏறிக் காப்பாற்றியது. அந்தக் குழந்தைதான் ஜான் ஃபிட்ஸ்தாமஸ், 1316இல் முதல் கில்டேர் ஏர்ல் ஆனவர். கதைதான், ஆனால் குடும்பம் அதைக் கல்லில் செதுக்கி வைத்துக்கொண்டது.

பட்டக் குழப்பம் அடுத்து. ‘பிரபு’ என்ற நம் சொல்தான் இதில் ஏமாற்றுகிறது. அங்கே பட்டம், நிலம், மேலவை இருக்கை எல்லாமே மூத்த மகனுக்குத்தான். எட்வர்டின் அப்பா டியூக், ஏர்லுக்கும் மேலான பட்டம் அது. டியூக்கின் இளைய மகன்களைப் பெயருக்கு முன்னால் ‘லார்ட்’ போட்டுக் கூப்பிடுவது வெறும் மரியாதை. சட்டத்தின் கண்ணில் அவர்கள் சாமானியர்கள். அதனால்தான் எட்வர்ட் 1783இல் ஆத்தை தொகுதியிலிருந்து டப்ளின் கீழவைக்குள் போக முடிந்தது. போட்டி என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். ஆத்தை குடும்பத்தின் சட்டைப்பைத் தொகுதி. அண்ணன் கை காட்டினார், தம்பி உறுப்பினரானார்.

இனி வம்சாவளி. ‘ஃபிட்ஸ்’ என்றால் நார்மன் பிரெஞ்சில் மகன். ஜெரால்டின் மகன் மோரிஸ் 1169இல் வேல்ஸிலிருந்து கடல் தாண்டி வந்தவர். அவருடைய அம்மா நெஸ்ட், வேல்ஸ் இளவரசி. ஆக வந்த நாளிலேயே இவர்கள் அசல் ஆங்கிலேயர் இல்லை. வந்தவர்கள் உள்ளூரில் பெண் எடுத்தார்கள், ஐரிஷ் பேசினார்கள், ‘க்ரோம் அபூ’ என்று ஐரிஷில் போர்முழக்கம் வைத்துக்கொண்டார்கள். ஐரிஷ்காரர்களைவிட ஐரிஷ்காரர்களாக ஆகிவிட்டார்கள் என்ற சொலவடையை அங்கே நீங்களும் கேட்டிருப்பீர்கள். 1513இல் இறந்த எட்டாவது ஏர்ல் நடைமுறையில் அயர்லாந்தின் அரசர் மாதிரிதான் இருந்தார்.

நீங்கள் தினமும் பார்க்கும் அந்த இடிபாட்டில் நடந்ததைச் சொல்லாமல் போனால் பாவம். 1534இல் அந்த எட்டாம் ஏர்லின் பேரன் தாமஸ், இங்கிலாந்து அரசன் எட்டாம் ஹென்றிக்கு எதிராகக் கிளம்பினார். கூட வந்தவர்களின் தலைக்கவசத்தில் பட்டுக் குஞ்சம் தொங்கியதால் ‘பட்டு தாமஸ்’ என்று பெயர். மறு வருடம் மேனூத் கோட்டை விழுந்தது. சரணடைந்த காவல்படையைப் பெரும்பாலும் கொன்றுவிட்டார்கள். ‘மேனூத் மன்னிப்பு’ என்று அதற்குக் கிண்டலாக ஒரு பெயர் நிலைத்துவிட்டது. 1537 பிப்ரவரி 3 அன்று லண்டன் டைபர்னில் தாமஸையும் அவருடைய ஐந்து சித்தப்பாக்களையும் ஒரே நாளில் தூக்கிலேற்றினார்கள். தப்பியவர்களில் ஒருவன் தாமஸின் மாற்றாந்தாய்த் தம்பி, சின்னப் பையன். அவனை வீடு வீடாக ஒளித்து வைத்து இத்தாலி வரை கடத்திக்கொண்டு போனார்கள். அவன் வளர்ந்து திரும்பி வந்து 1554இல் பட்டத்தை மீட்டான். பிற்பாடு அவனுடைய தம்பியின் வழியாகத்தான் வம்சம் தொடர்ந்தது. ஆகவே இந்தக் குடும்பத்தில் அரசனுக்கு எதிராகப் போனது எட்வர்ட் முதல் ஆள் இல்லை.

ஆனால் எட்வர்டுக்கு இந்தப் பெருமை பெரிதாகத் தலைக்கேறியதாக எனக்குத் தெரியவில்லை. அவரைப் புரிந்துகொள்ள அப்பா வழியைவிட அம்மா வழியைப் பார்க்க வேண்டும். அப்பா ஜேம்ஸ் இருபதாவது கில்டேர் ஏர்ல், 1766இல் முதல் லெய்ன்ஸ்டர் டியூக். டப்ளினில் அவர் கட்டிய மாளிகையில்தான் இன்று அயர்லாந்து நாடாளுமன்றம் கூடுகிறது. அம்மா எமிலி லெனாக்ஸ், இரண்டாம் சார்லஸ் மன்னனுக்கும் அவனுடைய பிரெஞ்சு ஆசைநாயகிக்கும் பிறந்த மகன் வழியில் கொள்ளுப்பேத்தி. அப்படியானால் எட்வர்ட், மன்னனின் எள்ளுப்பேரன்.

எமிலி டியூக்குக்குப் பத்தொன்பது பிள்ளைகள் பெற்றார். பிள்ளைகளை வளர்க்க தத்துவவாதி ரூசோவையே கூப்பிட்டுப் பார்த்தார், அவர் வரவில்லை. சரி என்று ஓகில்வி என்ற ஸ்காட்லாந்து வாத்தியாரை வைத்தார். டப்ளின் கடற்கரையில் ஃப்ரஸ்காட்டி வீட்டில் பிரபு வீட்டுப் பிள்ளைகள் கடலில் குளித்து, தோட்டம் கொத்தி, வைக்கோல் போட்டு வளர்ந்தார்கள். 1773இல் டியூக் இறந்தார். மறு வருடம் எமிலி பிரான்சுக்குப் போய் அந்த வாத்தியாரையே கல்யாணம் செய்துகொண்டார். ஊர் வாயைக் கேட்க வேண்டுமா? எட்வர்டுக்கு அப்போது பத்து, பதினோரு வயது. அந்தஸ்து என்பதைக் கழற்றி வைத்துவிட்டு நிம்மதியாக வாழலாம் என்பதை அவன் புத்தகத்தில் படிக்கவில்லை, வீட்டிலேயே பார்த்தான்.

எமிலியின் சகோதரிகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பெரியம்மா கரோலினின் மகன் சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ், லண்டன் நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சியின் பெரும் குரல். சித்தி லூயிசா, அயர்லாந்தின் பெரும் பணக்காரரான கானலியின் மனைவி. இன்னொரு சித்தி சாராவின் மகன் சார்லஸ் நேப்பியர், 1843இல் நம் சிந்துவைப் பிடித்த அதே நேப்பியர். பேரரசைக் கட்டியவனும் உடைக்கப் போனவனும் ஒரே பாட்டி வீட்டுப் பேரன்கள்.

எட்வர்டும் பதின்வயதில் அரசனின் படையில்தான் சேர்ந்தார். அமெரிக்க சுதந்திரப் போர், 1781 செப்டம்பர் 8, தென் கரோலினாவில் யூட்டா ஸ்பிரிங்ஸ் சண்டை. தொடையில் காயம் பட்டு நினைவில்லாமல் களத்தில் கிடந்தவரை, எஜமானிடமிருந்து தப்பிய டோனி ஸ்மால் என்ற கறுப்பின அடிமை தன் குடிசைக்குத் தூக்கிப் போய்ப் பிழைக்க வைத்தார். அதற்குப் பிறகு இருவரும் பிரியவில்லை. டோனி சம்பளம் வாங்கும் சுதந்திர மனிதராக அயர்லாந்துக்கு வந்தார். 1789இல் கனடா காட்டில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு ஃப்ரெட்ரிக்டனிலிருந்து கியூபெக் வரை பனியில் நடந்தபோதும் கூட இருந்தார். அதே பயணத்தில் டெட்ராய்ட் அருகே பூர்வகுடிகள் எட்வர்டைத் தங்கள் கரடிக் குலத்தில் ஒருவராகச் சேர்த்துக்கொண்டார்கள்.

1792இல் புரட்சி நடந்துகொண்டிருந்த பாரிஸ். புரட்சி எழுத்தாளர் தாமஸ் பெயினோடு ஒரே விடுதியில் தங்கினார். நவம்பர் 18 அன்று ஒரு விருந்தில் பரம்பரைப் பட்டங்கள் ஒழியட்டும் என்று கோப்பையை உயர்த்தி, தன் ‘லார்ட்’டைத் துறந்தார். படையிலிருந்து நீக்கிவிட்டார்கள். டிசம்பரில் பமேலாவைக் கல்யாணம் செய்தார். ஆர்லியன்ஸ் டியூக்கின் ரகசிய மகள் என்று ஊர் சொன்ன பெண் அவர். 1796இல் எட்வர்ட் ஐக்கிய ஐரிஷ்காரர் சங்கத்தில் இருந்தார். கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டும் சேர்ந்து ஒரு குடியரசு என்பது அந்தச் சங்கத்தின் கனவு. கத்தோலிக்கர் நாடாளுமன்றத்துக்குள் கால் வைக்கவே முடியாத காலம் அது.

இங்கேதான் உங்கள் அலுவலக நண்பர்களோடு எனக்கு வழக்கு. 1798 மார்ச் 12 அன்று ஒரு துரோகியின் தகவலால், கிளர்ச்சிக்குத் தயாராகிக்கொண்டிருந்த சங்கத்தின் லெய்ன்ஸ்டர் மாகாணக் குழு மொத்தமாகச் சிக்கியது. ஆனால் எட்வர்ட் அகப்படவில்லை. தலைமறைவாக டப்ளின் கால்வாய் ஓரம் ஒரு விதவையின் வீடு. கழற்றிய பூட்ஸைத் துடைப்பதற்காக அறைக்கு வெளியே வைக்கிறார். வேலைக்காரர் எடுத்துப் பார்த்தால் உள்ளே முழுப் பெயர் எழுதியிருக்கிறது. நாடே தேடும் ஆள், பட்டத்தை ஐந்து வருடத்துக்கு முன்பே துறந்த ஆள், பூட்ஸில் பெயரோடு உட்கார்ந்திருக்கிறார்! அந்த வேலைக்காரர் காட்டிக்கொடுக்கவில்லை. எட்வர்ட் இரவில் அந்த வீட்டுக் குழந்தையோடு கால்வாய்க் கரையில் உலாத்துவார், பாதி மூழ்கிய படகில் குதித்துக் குழந்தைக்கு வேடிக்கை காட்டுவார். ஒளிந்திருக்கும் படைத்தலைவர் செய்கிற வேலையா இது? டோனியால் ஒரு தடவைகூட வந்து பார்க்க முடியவில்லை. அவருடைய கறுத்த முகத்தை டப்ளினில் தெரியாதவர்கள் இல்லை. ஆபத்து என்னவென்று டோனிக்குத் தெரிந்திருந்தது, எட்வர்டுக்குத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து எந்தக் கதவும் தன் முகத்தில் அறைந்து மூடாத ஒருவருக்கு அந்தப் பயம் எங்கிருந்து வரும்?

அதனால் விளையாட்டு என்று நான் சொல்ல மாட்டேன், உயிரைத்தான் கொடுத்தார். ஆனால் மாவீரத் தலைவர் என்று எழுதவும் எனக்குக் கை வரவில்லை. அன்பான மனிதர், மோசமான சதிகாரர். அந்தக் கோடையில் கிளர்ச்சியில் செத்த சாதாரண ஜனங்கள் பத்தாயிரத்துக்குக் குறையாது.

பிடிபட்ட விதமும் அப்படித்தான். தலைக்கு 1000 பவுண்ட். மே 19 மாலை, தாமஸ் தெருவில் மர்ஃபி என்ற இறகு வியாபாரியின் மாடியறை. உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தார். டீ வேண்டுமா என்று கேட்க மர்ஃபி மேலே போன நேரம், அதிகாரிகள் உள்ளே பாய்ந்தார்கள். கத்தியோடு எழுந்து சண்டை போட்டார். குத்துப்பட்ட கேப்டன் ரையன் சில நாளில் இறந்தார். மேஜர் சர் (இது பட்டம் இல்லை, அவர் பெயரே சர்) சுட்ட குண்டு எட்வர்டின் தோளில் இறங்கியது. அரசின் ரகசியக் கணக்கில் ஜூன் மாதம் ஒரு வரி இருக்கிறது: எஃப்.எச்., எல்.இ.எஃப். இருப்பிடம் கண்டதற்கு, 1000 பவுண்ட். எல்.இ.எஃப். என்பது லார்ட் எட்வர்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட், எஃப்.எச். என்பது ஹிக்கின்ஸ் என்ற பத்திரிகைக்காரர். அவருக்குத் தகவல் கொடுத்தவர் மாகன், சங்கத்திலேயே இருந்த வக்கீல். அவர் பெயர் வெளியே வரப் பல பத்தாண்டுகள் ஆனது.

டப்ளின் நியூகேட் சிறையில் காயம் சீழ் பிடித்தது. லூயிசா சித்தி வைஸ்ராயின் காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் பார்க்க விடவில்லை. கடைசியில் கிளர்ச்சியாளர்களின் பரம எதிரியான கிளேர் பிரபுவே தன் வண்டியில் லூயிசாவைச் சிறைக்கு அழைத்துப் போனார். ஜூன் 4 விடியற்காலை எட்வர்ட் இறந்தார். வயது 34.

அப்புறம் சட்டம் வந்தது. விசாரணையே நடக்காமல் செத்தவரை நாடாளுமன்றம் துரோகி என்று அறிவித்து, கில்ரஷில் அவருக்கு இருந்த சொத்தைப் பறித்தது. அந்தச் சட்டத்தின் மொழியில் குற்றவாளியின் ரத்தமே கெட்டுவிடுகிறது, அதன் வழியாகப் பிள்ளைகளுக்கு எதுவும் இறங்காது. 1819இல்தான் அதை ரத்து செய்தார்கள். மூன்று பிள்ளைகளில் மகள் பமேலாவின் வழியில் வந்த கொள்ளுப்பேரன் ஜார்ஜ் விண்டாம், பிரிட்டிஷ் அரசின் அயர்லாந்துச் செயலாளர். குத்தகை விவசாயிகள் பண்ணையார்களிடமிருந்து நிலத்தை வாங்க வழி செய்த 1903 சட்டம் அவருடையது. மூத்த கிளையின் ஏழாவது டியூக் சூதாட்டக் கடனுக்குத் தன் ஆயுள் உரிமையை விற்றார். கார்ட்டன் அதில்தான் குடும்பத்தின் கையை விட்டுப் போனது. அவர் 1976இல் லண்டனில் ஓர் ஒற்றை அறையில் இறந்தார்.

டப்ளின் போகும்போது அங்குள்ள கோட்டைக்குப் பின்னால் இருக்கும் செயின்ட் வெர்பர்க் தேவாலயத்தைப் பாருங்கள். எட்வர்ட் அதன் நிலவறையில் இருக்கிறார். சுட்ட மேஜர் சர் அதே தேவாலயத்தின் முற்றத்தில், சில அடி தூரத்தில்.