எள்ளுத்தாத்தாவின் 1882 கையெழுத்து உங்களுக்கு நசியோனாலித்தே (பிரெஞ்சுக் குடியுரிமை) வாங்கித் தருமா?

கேள்வி: என் எள்ளுத்தாத்தா 1882-இல் புதுச்சேரியில் ரெனோன்சியாசியோன் (சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறக்கும் அறிக்கை) கையெழுத்திட்டு, குடும்பப் பெயர் எடுத்தவர். தாத்தா 1927-இலும் அப்பா 1953-இலும் சைகோனில் பிறந்தார்கள். 1956-இல் குடும்பம் ஊர் திரும்பி முத்தியால்பேட்டையில் தங்கிவிட்டது. 1962-இல் தாத்தா ஒப்சியோன் (பிரெஞ்சுக்காரராகவே நீடிக்கும் அறிக்கை) செய்யவில்லை. நான் 1984-இல் புதுச்சேரியில் பிறந்தேன். “கவர்னர் காலத்துக் கையெழுத்து இருக்கும்வரை உங்கள் பிரெஞ்சு உரிமை அழியாது. 1882 பத்திரத்தை எடுத்துவிட்டால் போதும், மூன்றரை லட்சம் ஆகும்” என்கிறார் ஏஜென்ட். அசல் பத்திரங்களை ஏற்கெனவே வாங்கிக்கொண்டார். முன்பணம் கொடுக்கலாமா? அப்பாவிடம் பழைய கொன்சுலா (பிரெஞ்சுத் துணைத் தூதரகம்) அட்டை ஒன்று இருந்ததாக அத்தை சொல்கிறார். அதற்கு ஏதாவது மதிப்பு உண்டா?

பதில்: முன்பணம் கொடுக்காதீர்கள். அவர் விற்கும் 1882 பத்திரத்தால் உங்களுக்கு நசியோனாலித்தே வராது. உங்கள் அத்தை சொன்ன அட்டைதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி. அதைப் பெட்டியில் தேடுங்கள்.

முதலில் அந்தக் கையெழுத்து எதைச் செய்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் 1819 ஜனவரி 6 உத்தரவின்படி இங்கே நடைமுறைக்கு வந்தன. ஆனால் திருமணம், வாரிசு, சொத்துப் பங்கீடு போன்றவற்றில் உள்ளூர் மக்களுக்கு அவரவர் சாதி வழக்கமும் மத வழக்கமுமே சட்டம் என்று அந்த உத்தரவு விட்டுவைத்தது. அந்த வழக்கத்தைக் கைவிட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வர விரும்புகிறவர்களுக்கு ஒழுங்கான வழி காட்டியது 1881 செப்டம்பர் 21 ஆணை. பாரிஸில் குடியரசுத் தலைவர் ழூல் கிரேவி கையெழுத்திட்ட ஆணை அது. இங்கே அதைச் செயல்படுத்தியது கவர்னர் தெயோதோர் துரூவேயின் நிர்வாகம். அதிகாரி முன் அறிக்கை கொடுத்து, குடும்பப் பெயர் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு திரும்பப் பெற முடியாது. வயது வராத பிள்ளைகளையும் அது கட்டும். வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை ‘லாபோர்த்’ ஆனது இந்த வழியில்தான்.

இந்த ஆணை யாரையும் பிரெஞ்சுக்காரர் ஆக்கவில்லை. கையெழுத்திட்டவரும் இடாதவரும் அன்றைக்கு ஒருபோலவே பிரெஞ்சு நசியோனாலித்தே உள்ளவர்கள்தான். மாறியது அவர்களுக்குப் பொருந்தும் குடும்பச் சட்டம். அரசியலிலும் அதன் விளைவு தெரிந்தது. 1884-இல் வாக்காளர் பட்டியலை ஐரோப்பியர், ரெனோன்சான் (இப்படிக் கையெழுத்திட்டவர்), மற்றவர் என மூன்றாகப் பிரித்தார்கள். ரெனோன்சான் குடும்பங்கள் பல தென் வியட்நாமான கொச்சின்சீனாவுக்குப் போய் போலீஸ், சுங்கம், வரிவசூல் வேலைகளில் சேர்ந்ததற்கும் இந்த அந்தஸ்து உதவியது. உங்கள் குடும்பம் சைகோன் போனதன் பின்னணி இதுவாகவே இருக்கலாம். ஆனால் 2020-களில் நசியோனாலித்தே கேட்கிறவருக்கு இது அஸ்திவாரம் ஆகாது. 1962-இல் ஒப்சியோன் செய்தவர்களில் ரெனோன்சான் அல்லாதவர்களும் உண்டு. அந்த வாய்ப்பைத் தவறவிட்ட ரெனோன்சான்களும் ஏராளம்.

உங்கள் வழக்கு நிற்பதோ விழுவதோ 1962 ஆகஸ்ட் 16-ஐப் பொறுத்தது. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, யானம் நான்கும் 1954 நவம்பர் 1-ஆம் தேதியே இந்தியாவிடம் கைமாறின. ஆனால் 1956 மே 28-இல் இந்தியாவுக்கும் பிரான்ஸுக்கும் இடையே கையெழுத்தான ஒப்பந்தம் உயிர்பெற்றது 1962 ஆகஸ்ட் 16-இல்தான். அதன் 4 முதல் 8 வரையான பிரிவுகள்தான் நசியோனாலித்தேயைப் பற்றிப் பேசுகின்றன. இந்தப் பகுதிகளில் பிறந்து, அன்றைக்கு இங்கேயே குடியிருந்தவர் இந்தியர் ஆகிவிடுவார். பிரெஞ்சுக்காரராக நீடிக்க விரும்பினால் 6 மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிக்கை தர வேண்டும். அதுதான் ஒப்சியோன். ஏறத்தாழ 5,000 பேர் அப்படிக் கொடுத்தார்கள். 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட, மணமாகாத பிள்ளைகள் தகப்பனாரின் அறிக்கையோடு சேர்ந்து போவார்கள். பிள்ளைகளின் பெயரையும் அதில் குறிக்கவேண்டும் என்று ஒப்பந்தமே சொல்கிறது. பெயர் விடுபட்டுப்போன பிள்ளைகளின் வாரிசுகள் இன்றும் கோர்ட்டில் நிற்கிறார்கள்.

ஒப்சியோன் இல்லையென்றால் கதை முடிந்தது என்று பலரும் சொல்வார்கள். இங்கேதான் நிதானமாகப் படிக்க வேண்டும். ஒப்பந்தம் பேசுவது இந்தப் பகுதிகளுக்குள் ‘பிறந்த’ பிரெஞ்சுக்காரர்களை மட்டுமே. வெளியே பிறந்தவர்களை அது தொடவே இல்லை. தொடாததால் அவர்கள் இந்தியர் ஆகவும் இல்லை, ஒப்சியோன் செய்யவேண்டிய அவசியமும் இல்லை. எந்த அறிக்கையும் கொடுக்காமலேயே பிரெஞ்சுக்காரர்களாக நீடித்தார்கள். பிரெஞ்சு நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட நிலை இது.

‘வெளியே’ என்பதற்கு சைகோன் வரை போக வேண்டியதில்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் ஊர் வழக்கம். தாய்வீடு கடலூரிலோ விழுப்புரத்திலோ இருந்தால் பிள்ளை பிறந்த இடம் பிரிட்டிஷ் இந்தியா, 1947-க்குப் பிறகென்றால் இந்திய யூனியன். பாகூர், வில்லியனூர் பக்கம் எல்லை வயல் வயலாக வளைந்து போகும். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் பிறந்த அண்ணனுக்கு ஒப்சியோன் தேவைப்பட்டது, அந்தப் பக்கம் பிறந்த தம்பிக்குத் தேவைப்படவில்லை. ஆகவே தாத்தா எங்கே ‘வளர்ந்தார்’, எந்த வீட்டில் ‘வாழ்ந்தார்’ என்று கேட்டுப் பயனில்லை. பிறப்புப் பதிவில் ஊர்ப் பெயர் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. குடும்பத்தில் சொல்லும் ஊரும் பதிவில் இருக்கும் ஊரும் வேறாக இருப்பது சகஜம். வாய்மொழியை நம்பி விண்ணப்பத்தை நிரப்பாதீர்கள். இன்னொன்று: இங்கே பிறந்து 1962-இல் இந்திய யூனியனின் வேறு ஊரில் குடியிருந்தவருக்கு இந்தச் சலுகை கிடையாது. அவரை 6-ஆம் பிரிவு பிடித்துக்கொள்கிறது.

உங்கள் தாத்தா, அப்பா இருவரும் சைகோனில் பிறந்தவர்கள். ஆகவே அந்த ஒப்பந்தம் அவர்களைத் தொடவில்லை. (பாட்டி வியட்நாமியப் பெண்ணாக இருந்தால் பிரான்ஸுக்கும் வியட்நாமுக்கும் இடையிலான 1955 உடன்படிக்கையையும் பார்க்கவேண்டும். நீங்கள் அப்படி எழுதவில்லை.) இதுவரை நல்ல செய்தி. ஏஜென்ட் இதை உங்களிடம் சொல்லவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அவருக்குத் தெரிந்தது 1882 மட்டுமே.

இனி கெட்ட செய்தி. பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 30-3 பிரிவு, 50 ஆண்டுத் தடை. குடும்பம் 50 ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டிலேயே வாழ்ந்து, அந்தக் காலத்தில் விண்ணப்பதாரரோ நசியோனாலித்தே தரவேண்டிய அவருடைய தகப்பனார் அல்லது தாயாரோ பிரெஞ்சுக்காரராக நடத்தப்பட்ட அடையாளம் இல்லையென்றால், வம்சாவளி வழியாக நிரூபிக்கவே அனுமதி கிடையாது. புதுச்சேரி சட்டப்படி ‘வெளிநாடு’ ஆனது 1962 ஆகஸ்டில். 50 ஆண்டு நிறைந்தது 2012 ஆகஸ்டில். அதன்பிறகு வாங்கிய காகிதம் எதுவும் இந்த ஓட்டையை அடைக்காது.

அதனால்தான் அப்பாவின் அட்டை என்கிறேன். 1962-க்கும் 2012-க்கும் நடுவே அவர் பெயரில் கொன்சுலாப் பதிவு அட்டை, பிரெஞ்சு பாஸ்போர்ட், பிரெஞ்சு அடையாள அட்டை, ராணுவ சேவைப் புத்தகம், பிரெஞ்சு வாக்காளர் பட்டியலில் பெயர் ஆகியவற்றில் எது இருந்தாலும் வாதாட இடம் உண்டு. ஒன்றுக்கு மேல் இருந்தால் இன்னும் நல்லது. தாத்தாவின் பிரெஞ்சு பென்ஷன் புத்தகத்தைப் பலரும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். 30-3 கேட்பது உங்களையும் உங்கள் பெற்றோரையும் பற்றி. தாத்தாவைப் பற்றி அல்ல.

அட்டை கிடைக்கவில்லை என்றால் அப்பாவே புதுச்சேரி பிரெஞ்சு கொன்சுலாவுக்கு எழுதி, தன் பெயரில் பழைய பதிவு உண்டா என்று கேட்கலாம். பழைய கோப்புகள் பிரான்ஸின் நாந்த் நகரத்தில் உள்ள தூதரக ஆவணக் காப்பகத்துக்குப் போயிருக்கக்கூடும். அதே நாந்த்தில்தான் எத்தா சிவில் (பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு) மத்திய அலுவலகமும் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு அலுவலகங்கள். கொன்சுலா அட்டைக்கு ஆவணக் காப்பகம், பிறப்புப் பதிவுக்கு எத்தா சிவில். மாற்றி எழுதினால் மாதக்கணக்கில் பதில் வராது, வந்தாலும் ‘எங்களிடம் இல்லை’ என்று ஒரு வரி வரும். பக்கத்து அலுவலகத்துக்கு அனுப்பக்கூட இந்த அமைப்புக்கு மனம் வருவதில்லை. மக்கள் புரோக்கரிடம் போவதற்கு இதுவே பாதிக் காரணம்.

புரோக்கர்கள் விஷயத்தை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். அப்பாவின் 1953 சைகோன் பிறப்புப் பதிவின் முழு நகலை நாந்த் எத்தா சிவில் அலுவலகத்தில் இணையத்திலேயே கேட்கலாம். கட்டணம் கிடையாது. இந்த இலவச நகலுக்குத்தான் ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். ‘பாரிஸில் உள்ளே ஆள் இருக்கிறது’ என்பவர், ‘ரிசல்ட் கேரண்டி’ என்பவர், பத்திரத்தில் கொஞ்சம் ‘சரிசெய்து’ தருகிறேன் என்பவர் ஆகிய மூவரிடமும் நெருங்கவே வேண்டாம். போலிப் பிறப்புச் சான்று ஒன்று பிடிபட்டால் அந்தக் கோப்பு மட்டும் போகாது. அதே குடும்பப் பெயரில் அண்ணன், தங்கை போடும் விண்ணப்பங்களும் சந்தேகத்தோடே பார்க்கப்படும். பையனுக்கு நசியோனாலித்தே வரப்போகிறது என்று சொல்லிப் பெண் பேசுவதும் சீர் கேட்பதும் இந்தப் புரோக்கர்களின் வார்த்தையை நம்பித்தான். சான்றிதழ் கைக்கு வரும்வரை யாரும் அந்த வார்த்தையை வைத்துக் கல்யாணம் பேசாதீர்கள்.

இப்போது உங்கள் பெற்றோரின் திருமணம். இங்கே அந்த 1882 கையெழுத்து வேலை செய்கிறது, உங்களுக்கு எதிராக. ரெனோன்சான் வம்சத்தவர் சிவில் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். இந்து திருமணச் சட்டத்தை 1963-இல் புதுச்சேரிக்கு நீட்டியபோதும் 2-ஆம் பிரிவில் ரெனோன்சான்களுக்கு அது பொருந்தாது என்று சேர்த்தே நீட்டினார்கள். ஆகவே கோயிலில் தாலி கட்டியது மட்டும் போதும் என்று இருந்துவிட்டவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். மேரியில் (நகராட்சி அலுவலகத்தில்) பதிவான திருமணம் இருக்கிறதா, எந்தத் தேதியில் என்று பாருங்கள். தகப்பன் பிள்ளை உறவு சட்டப்படி நிலைநாட்டப்படவேண்டியது நீங்கள் வயது வருவதற்குள். 20-1 பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பிள்ளைக்கு 18 தாண்டிய பிறகு செய்த திருமணப் பதிவு நசியோனாலித்தேக்கு உதவாது. ஏஜென்ட் 1882 பத்திரத்தை முதல் பக்கமாக வைத்து விண்ணப்பம் போட்டு, கோயில் பத்திரிகையை இரண்டாவது பக்கமாக வைத்தால், உங்கள் வழக்கை அவரே தோற்கடிக்கிறார்.

உங்கள் பிறப்புப் பதிவு பிறந்த சில நாட்களிலேயே செய்ததா என்பதும் முக்கியம். ஒரு வருடத்துக்கு மேல் தாமதித்து மாஜிஸ்திரேட் உத்தரவின் பேரில் பதிந்தவற்றைப் பிரெஞ்சு அதிகாரிகள் நம்புவதே இல்லை. பெயர் எழுத்தும் அப்படியே. சைகோன் பதிவில் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் குடும்பப் பெயரோடு இருப்பவர், இந்தியப் பதிவில் இனிஷியலோடு வேறு எழுத்தில் இருப்பார். ‘இருவரும் ஒருவரே’ என்ற நோட்டரி அஃபிடவிட்டை மட்டும் நம்பாதீர்கள். முடிந்தவரை மூலப் பதிவிலேயே திருத்தம் வாங்குங்கள்.

இவ்வளவும் தேறினால் விண்ணப்பம் போகவேண்டிய இடம் பாரிஸ் நீதிமன்றத்தின் நசியோனாலித்தே பிரிவு. நசியோனாலித்தே சான்றிதழைக் கொன்சுலா தராது. படிவம் 16237, பிறப்பு, திருமணப் பதிவுகளின் முழு நகல்கள், பிரெஞ்சு அல்லாதவற்றுக்கு அங்கீகாரம் பெற்றவரின் மொழிபெயர்ப்பு, இந்தியப் பத்திரங்களுக்கு அப்போஸ்தீய் முத்திரை (வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு இடும் சான்று), கூடவே அப்பாவின் அட்டை. பதில் வர ஆண்டுகள் ஆவது வழக்கம். ஒரு தாள் குறைந்ததற்காக இத்தனை காலம் கழித்துத் திருப்பி அனுப்புவது அநியாயம்தான், ஆனால் அதுதான் நடக்கிறது. மறுப்பு வந்தால் 6 மாதத்துக்குள் பிரெஞ்சு வழக்கறிஞர் மூலம் வழக்குப் போடவேண்டும். மறுப்புக் கடிதத்தின் உறையைக்கூடத் தேதிக்காகப் பத்திரப்படுத்துங்கள். பிரெஞ்சு பாஸ்போர்ட் எடுத்த பிறகு இந்தியப் பாஸ்போர்ட்டையும் வாக்காளர் அட்டையையும் வைத்திருக்க இந்தியச் சட்டம் இடம் தராது, அதையும் யோசித்து இறங்குங்கள்.

அப்பாவின் பெயரில் எந்த அடையாளமும் கிடைக்காவிட்டால் வம்சாவளி வழி அடைபட்டது என்று ஏற்றுக்கொள்ளுங்கள். 50 ஆண்டுத் தடையால் தள்ளப்பட்டவர்களுக்கு 21-14 பிரிவு ஒரு தனி அறிக்கைக்கு வழி வைத்திருக்கிறது. பிரான்ஸோடு கண்கூடான கலாசார, தொழில், பொருளாதார அல்லது குடும்பத் தொடர்பு உங்களுக்கு உண்டு என்று காட்டவேண்டும். பிரெஞ்சு தெரியும், தாத்தா பென்ஷன் வாங்கினார் என்பதெல்லாம் போதாது.

இந்த வாரமே ஏஜென்டிடம் போய் உங்கள் அசல்களைத் திரும்ப வாங்குங்கள். ஒவ்வொன்றின் பெயரையும் தேதியையும் எழுதி, திருப்பிக் கொடுத்ததாக அவர் கையெழுத்தும் வாங்குங்கள். தர மறுத்தால் எழுத்து மூலம் கேட்டுவிட்டுப் போலீஸில் புகார் கொடுங்கள். அப்பாவின் சைகோன் பதிவின் நகல் நாந்த்திலிருந்து மறுபடி வரும். ஆனால் அவருடைய கொன்சுலா அட்டையும் அந்தப் பத்திரக் கட்டோடு போயிருந்தால் அதற்கு நகல் கிடைப்பது நிச்சயமில்லை, அதை முதலில் கேளுங்கள்.