பழைய பைப்பில் புது டிராப்: பாத்ரூமை உடைக்கும் முன் கேட்பவை

1980களில் கட்டிய அடுக்குமாடி வீடு. பாத்ரூமை உடைத்துப் புதுசாக்குகிறோம். பழைய காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு) பைப்புக்குள் புது பி.வி.சி. டிராப்பின் (தரைத் தண்ணீர் இறங்கும், உள்ளே கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும் பகுதி) வாயைச் செருகி, சுற்றிச் சிமென்ட் பூசினால் போதும் என்கிறார் பிளம்பர். சரிதானா?

சரியில்லை. பி.வி.சி.யின் வழவழப்பில் சிமென்ட் பிடிக்காது, வெந்நீர் போகப் போக பைப் நீண்டு சுருங்கும், மயிரிழை விரிசல் விழும், அப்புறம் கீழ்வீட்டுக்காரர் தன் சீலிங்கில் ஓதத்தைக் காட்டக் கூப்பிடுவார். இரண்டையும் ‘மூணு இஞ்ச்’ என்றுதான் கடையில் சொல்வார்கள். ஆனால் பி.வி.சி.யில் 75 மி.மீ. என்பது வெளிவிட்டம், பழைய இரும்பில் 75 என்பது உள்விட்டம். இரும்புப் பைப்பின் வாய் அதைவிடத் தடித்த இன்னொரு இரும்புப் பைப்பை வாங்கிக்கொள்ளும்படி அகலமாக இருக்கும், அதனால் பி.வி.சி.யைச் செருகினால் லொடலொடவென்றுதான் நிற்கும். அந்தக் காலத்தில் சணலைத் திணித்து ஈயம் உருக்கி ஊற்றி அடைத்தார்கள், பி.வி.சி.யில் ஈயம் ஊற்றினால் பைப்பே இளகிவிடும்.

இரும்பை நல்ல இடமாகப் பார்த்து கிரைண்டரால் நேராக வெட்டி, எஃகு கிளாம்ப் வைத்த ரப்பர் கப்ளிங் போடச் சொல்லுங்கள். இரண்டு பைப்பின் வெளிவிட்டத்தையும் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள், அளவு வேறு வேறாக இருக்கும். வெட்டுமுன் ஸ்க்ரூடிரைவர் பிடியால் பைப்பைத் தட்டிப் பாருங்கள்: ‘ணங்’ என்றால் இரும்பு திடமாக இருக்கிறது, ‘டொக்’ என்றால் உள்ளே துரு தின்றிருக்க வாய்ப்பு அதிகம். முடிந்தால் இந்த ஜாயின்ட் தரைக்குள் வரவே வேண்டாம். ஒரே துண்டு பி.வி.சி.யைச் சுவர் வழியாக வெளியே கொண்டுபோய் டக்டில் (பைப்கள் ஓடுவதற்கென விட்ட இடைவெளி) இருக்கும் செங்குத்துப் பைப்பில் சேர்த்துவிட்டால், நாளைக்குக் கசிந்தாலும் டைல்ஸை உடைக்க வேண்டாம். அந்தப் பைப் எல்லாருக்கும் பொது, சங்கத்தில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தரையில் தண்ணீர் இறங்கும் ஓட்டை மேல் போடும் ஜாலி (சல்லடை மூடி) புதுசு, விலையும் அதிகம். ஆனால் நாற்றம் போகவில்லையே?

நாற்றத்தைத் தடுப்பது ஜாலி இல்லை, அதன் கீழே நானி டிராப்பில் (பாத்ரூம் தரை டிராப்) தேங்கி நிற்கும் தண்ணீர். குறைந்தது 50 மி.மீ. ஆழம் நிற்க வேண்டும். டார்ச் அடித்து ஒரு குச்சியை விட்டு அளந்து பாருங்கள். பழைய டிராப்கள் பலவற்றில் அவ்வளவு நிற்காது. அதில் புது ஜாலியை மாட்டுவது பணத்துக்குக் கேடு. சிலவற்றில் உள்ளே கவிழ்த்த கிண்ணம் ஒன்று இருக்கும், முடி அடைக்கிறது என்று யாராவது கழற்றி எறிந்திருப்பார்கள். அது இல்லாவிட்டால் நேரே சாக்கடைக் காற்றுதான். பூட்டிக் கிடக்கும் விருந்தினர் பாத்ரூம் என்றால் தண்ணீர் வற்றியிருக்கும், வாரம் ஒரு குவளை ஊற்றினால் தீர்ந்தது.

இடம் பற்றவில்லை. 75-லிருந்து 50-க்குக் குறைத்துப் பைப் போடலாமா?

வேண்டாம். தண்ணீர் ஓடும் திசையில் பைப் குறுகவே கூடாது. முடியும் சோப்பும் சேர்ந்து அடைப்பது சரியாக அந்த ரெட்யூசரில்தான் (அளவைக் குறைக்கும் இணைப்பு).

சுவரோரமாக நீளமான டிரெய்ன் (தண்ணீர் வடியும் நீள வாய்க்கால்) வைக்க ஆசை. பழைய பாத்ரூமில் முடியுமா?

முதலில் பள்ளத்தை அளந்துவிட்டு ஆசைப்படுங்கள். நீள டிரெய்னுக்கும் கீழே டிராப் வேண்டும், அதற்கு உயரம் வேண்டும். சங்கன் ஸ்லாப் (பைப் போடத் தாழ்த்திக் கட்டிய தளம்) ஆழமில்லாத வீட்டில் தரையை உயர்த்தும்படி ஆகி, வாசல்படியில் தண்ணீர் தாண்டும். இடம் இருந்தால் நல்ல தேர்வுதான்: வாட்டம் ஒரே பக்கம் கொடுத்தால் போதும், பெரிய டைல்ஸைத் துண்டு போட வேண்டியதில்லை. 80-க்கு 1 என்று வைத்தால் 6 அடிக்கு ஏறக்குறைய 23 மி.மீ. இறங்க வேண்டும். மேஸ்திரி கண்ணால் பார்த்து ‘வாட்டம் இருக்கு சார்’ என்றால் நம்பாதீர்கள், ரசமட்டம் வைக்கச் சொல்லுங்கள்.

வாட்டர்ப்ரூஃபிங் செய்தாகிவிட்டது. உடனே டைல்ஸ் ஒட்டலாமா?

டிராப்பின் கழுத்தைச் சுற்றித்தான் பெரும்பாலும் கசியும், அங்கே பூச்சு டிராப்பின் விளிம்பு மேலேயே ஏறியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பூச்சு நன்றாகக் காய்ந்ததும் டிராப் வாயை அடைத்து, தரை முழுக்கத் தண்ணீர் கட்டி, சுவரில் பென்சிலால் கோடு போட்டு 48 மணி நேரம் விடுங்கள். லேசாக ஆவியாகும், அதற்குப் பயப்பட வேண்டாம். கோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே விரல் நுழையும் அளவு இடைவெளி வந்தாலோ, கீழ்வீட்டு சீலிங் நனைந்தாலோ, டைல்ஸ்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு டிராப் ஓரத்தை மறுபடி பாருங்கள்.