பென்ஷனுக்கு மனு போட்டால் அவிசுவாசமா?

கேள்வி: என் கணவர் லோடு ஆட்டோ ஓட்டி வந்தார். பத்து மாதத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். மகள் எட்டாவது, மகன் நாலாவது படிக்கிறார்கள். வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறேன், வாடகைக்கே இழுபறி. விதவை பென்ஷனுக்கு எழுதிப் போடலாம் என்றால், “கர்த்தர் பார்த்துக்கொள்வார், மனுஷனிடம் கையேந்தாதே” என்கிறார்கள் சபைப் பெரியவர்கள். இன்சூரன்ஸில் வந்த ஒரு லட்சத்தில் ஒரு பங்கை ஆலயக் கட்டட நிதிக்குக் கேட்கிறார்கள். ஏழை விதவை இரண்டு காசு போட்டாளே என்கிறார்கள். கொடுக்காவிட்டால் ஆசீர்வாதம் நின்றுவிடுமோ என்று பயம். சில ராத்திரி ஜெபிக்க உட்கார்ந்தால் கோபம்தான் வருகிறது. நான் விசுவாசத்தில் குறைந்துவிட்டேனா?
– ஒரு சகோதரி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, பென்ஷனுக்கு எழுதிப் போடுங்கள். இந்த வாரமே போடுங்கள்.

கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்பது உண்மைதான். எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பதும் வேதத்தில் இருக்கிறதே, அதை ஏன் விட்டுவிடுகிறார்கள்? பஞ்சத்தில் எலியா தீர்க்கதரிசிக்கு அப்பம் கொடுத்த சாறிபாத் ஊர் விதவையின் பானையில் மா குறையாமல் இருந்ததை எல்லாரும் பிரசங்கிப்பார்கள். மற்ற விதவைகளுக்கு அவர் சட்டம் அல்லவா எழுதிக் கொடுத்தார்! வயலில் மறந்துவிட்ட அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே, அது பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் உரியது என்கிறது உபாகமம் 24. மூன்றாம் வருஷத்துத் தசமபாகத்தில் விதவையும் பிள்ளைகளும் புசித்துத் திருப்தியாக வேண்டும் என்கிறது 14-ஆம் அதிகாரம். அந்தச் சட்டத்தை நம்பித்தான் விதவையான ரூத் போவாசின் வயலுக்குக் கதிர் பொறுக்கப் போனாள். அவளை யாரும் அவிசுவாசி என்று சொல்லவில்லை.

கடன்காரன் இரண்டு பிள்ளைகளையும் அடிமையாக்க வந்து நின்றபோது எலிசாவிடம் ஓடிய விதவையையும் பாருங்கள். அற்புதம் நடந்தது, சரி. அதற்கு முன்னால் அக்கம்பக்கத்தில் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கிவரச் சொன்னார் தீர்க்கதரிசி. அப்புறம் எண்ணெயை விற்றுக் கடனை அடைத்து, மீதியில் பிழைத்துக்கொள்ளச் சொன்னார்.

இப்போது அந்த இரண்டு காசு. இதை நினைத்தால் எனக்கே கோபம் வருகிறது. மாற்கு 12-ஐத் திறந்து, அந்த ஏழை விதவை வருவதற்குச் சற்று முன்னால் இருக்கும் வசனத்தைப் படியுங்கள். விதவைகளின் வீடுகளைப் பட்சித்து, பார்வைக்கு நீண்ட ஜெபம் பண்ணுகிற வேதபாரகருக்கு அதிக ஆக்கினை உண்டு என்று இயேசு எச்சரிக்கிறார். அந்தச் சூட்டோடுதான் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்காருகிறார். அவள் தானாக வந்து போட்டாள், யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளைப் பாராட்டியவர், போய் விதவைகளிடம் வசூல் பண்ணுங்கள் என்று சீஷர்களிடம் சொல்லவும் இல்லை. அங்கிருந்து வெளியே வந்ததும் ஒரு சீஷன் ஆலயக் கட்டடத்தைக் காட்டி வியக்கிறான். ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராதபடி இடிக்கப்படும் என்பது அவனுக்குக் கிடைத்த பதில்.

அந்த ஒரு லட்சம் உங்கள் பிள்ளைகளுடையது. வங்கியில் போட்டு வையுங்கள். பயத்தில் எடுத்து நீட்டாதீர்கள்.

ஆதி சபையில் கிரேக்கு பேசிய விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது உணவுப் பங்கீட்டில், விடுபட்டுப்போக, முறுமுறுப்பு உண்டாயிற்று. பொறுமையாக ஜெபியுங்கள் என்று சொல்லி அப்போஸ்தலர் அவர்களை அனுப்பிவிடவில்லை. பந்தி விசாரிக்கவே ஏழு பேரை நியமித்தார்கள். ஆகவே உங்கள் போதகரிடம், சபையில் ஏழைகள் நிதி இருக்கிறதா, அதில் எங்களுக்கு இடமுண்டா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. பண்டித ரமாபாய் பெற்றோரைப் பஞ்சத்தில் பறிகொடுத்தவர், 1882-இல் கைக்குழந்தையோடு விதவையானவர். விதவைகளுக்கு ஒரு வீடு வேண்டுமென்று அமெரிக்கா வரை போய் ஊர் ஊராகக் கேட்டார். அவருக்கு விசுவாசம் குறைவு என்று யாராவது சொல்வார்களா?

கோபத்தைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். சர்வவல்லவர் எனக்கு மிகுந்த கசப்பைக் கட்டளையிட்டார் என்று கணவனையும் இரண்டு மகன்களையும் இழந்த நகோமி, ரூத்தின் மாமியார், ஊர் நடுவில் சொன்னாள். வேதம் அவளைக் கண்டிக்கவில்லை. ஜெபம் வராத ராத்திரியில் அந்தக் கோபத்தையே அவரிடம் சொல்லுங்கள்.

இனி, செய்ய வேண்டியவை. வாரிசுச் சான்றிதழ் இன்னும் வாங்கவில்லை என்றால் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். தமிழ்நாட்டில் ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் 2023-இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. இரண்டு மனுவையும் இ-சேவை மையத்திலேயே போடலாம். ஓய்வூதியத்துக்கு வருமானம், சொத்து பற்றி விதிகள் உண்டு, அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கணவருடைய பாஸ்புக்கையும் எடுத்துப் பாருங்கள். வருஷத்துக்கு ஒருமுறை 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பெரும்பாலும் பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. அப்படியானால் நாமினிக்கு இரண்டு லட்சம் வரவேண்டும். பத்து மாதம் ஆகிவிட்டதே என்று விட்டுவிடாமல் வங்கி மேலாளரிடம் போய்க் கேளுங்கள்.

பிள்ளைகளுக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவி இருக்கிறது. தாய் விதவையாக இருந்தால் கேட்கலாம். குடும்ப வருமானம் வருஷத்துக்குக் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரியுங்கள். நிதி இருப்பைப் பொறுத்து வரிசையில் நிற்க வேண்டியிருக்கலாம், அதனால் சீக்கிரம் போங்கள். போகும்போது சபையில் விவரம் தெரிந்த ஒரு அக்காவைத் துணைக்குக் கூட்டிக்கொள்ளுங்கள். மனு கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் திரும்ப வேண்டாம்.