நர்சிங் பிள்ளைகளும் போதை மாத்திரையும்: சிஸ்டரிடம் கேளுங்கள்

வார்டு சிஸ்டராக இருந்துவிட்டு இப்போது நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். ராயபுரம், வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் பக்கமிருந்து வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

மாணவி, ராயபுரம்: அக்கா, நைட் டூட்டி முடிந்து வந்தால் பகலில் தூக்கம் வருவதில்லை. சீனியர் அல்பிரசோலம் தூக்க மாத்திரை கொடுத்தார். அரை மாத்திரைதானே?

அந்த அரை மாத்திரையில்தான் பயமே எனக்கு. நர்சிங் பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் தெருமுனையில் இல்லை, ஹாஸ்டல் அறையில், நம்பிக்கையான ஒருவர் கையிலிருந்து வாங்கும்போதுதான். சில வாரம் தொடர்ந்து போட்டாலே உடம்பு பழகிவிடும், பிறகு அரை போதாது, ஒன்று வேண்டும், அது இல்லாமல் படபடப்பு வரும். இதெல்லாம் 2014 முதல் எச்1 பட்டியலில், அதாவது கடையில் கூடுதல் கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய பட்டியலில் இருக்கிற மருந்து. எழுதிய டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் கடைக்காரர் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். உன் சீனியருக்கு மட்டும் எப்படிச் சுலபமாகக் கிடைக்கிறது என்று யோசித்துப் பார். ஏற்கெனவே பல வாரமாகப் போடுகிறாய் என்றால் நீயாகத் திடீரென்று நிறுத்தாதே, வலிப்பு வரலாம். டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். இல்லையென்றால் இன்றோடு விடு. விடியற்காலை டீயை நிறுத்து, ஜன்னலுக்குக் கனமான துணி போடு, போனை வேறு அறையில் வை. அப்புறமும் தூக்கம் வராவிட்டால் டூட்டி போடும் மேடத்திடம் பேசு.

தாய், கொடுங்கையூர்: மகள் மாறிவிட்டாள் போலிருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

வெயிலிலும் முழுக்கை, காரணமில்லாமல் காசு தேவை, கண்மணி ஊசிமுனை போல் சுருங்கியிருப்பது, நைட் டூட்டியைத் தானே கேட்டு வாங்குவது. இதில் ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள் அம்மா. பையைச் சோதிக்கும் முன் உட்காரவைத்துக் கேளுங்கள்.

மாணவர், எண்ணூர்: கூல் லிப் போதைப்பொருளா?

புகையிலை. நிகோடின் அடிமைத்தனம்தான். விடு.

ஓய்வு பெற்ற ஊழியர், பெரம்பூர்: வட சென்னைப் பிள்ளைகளைச் சேர்ப்பதே ஆபத்து. மாதம் ஒரு சிறுநீர்ச் சோதனை வையுங்கள், பிடிபட்டால் டி.சி. கொடுத்து அனுப்புங்கள்.

ஐயா, முதல் வாக்கியத்தை நான் ஏற்கவே மாட்டேன். காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் இருந்து வந்து, வீட்டில் முதல் பட்டதாரியாகப் படித்து, இன்று ஐ.சி.யு.வை நடத்துகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். மயக்க மருந்தும் வலி மருந்தும் கைக்கெட்டும் இடத்தில் தூக்கமில்லாமல் வேலை செய்கிறவர் எந்த ஊர்க்காரரானாலும் ஆபத்து ஒன்றுதான்.

சோதனைக்கு வருகிறேன். இங்கே போலீஸ் அடிக்கடி பிடிக்கிற டேபென்டடால் என்ற வலி மாத்திரை, அபின் வகை மருந்தைக் காட்டும் சாதாரண ஓபியேட் சோதனைக் கிட்டில் பெரும்பாலும் தெரியாது. அபின் வகையைச் சேர்ந்த கோடீன் கலந்த இருமல் மருந்தை டாக்டர் சொல்லிக் குடித்த பிள்ளையோ மாட்டிக்கொள்ளும். டி.சி. என்று பயமுறுத்தினால் ஒருத்தியும் வாய் திறக்க மாட்டாள், அவ்வளவுதான் நடக்கும்.

அதே ஐயா: அப்படியானால் நோயாளியின் உயிர்?

நியாயமான கேள்வி. போதையில் இருக்கிற பிள்ளையை அன்றே டூட்டியிலிருந்து இறக்க வேண்டும், அதில் இரக்கம் காட்டக் கூடாது. ஆனால் டூட்டியிலிருந்து இறக்குவது வேறு, படிப்பிலிருந்து துரத்துவது வேறு. சிகிச்சை முடித்து, டாக்டர் சரி என்ற பிறகு, கொஞ்ச காலம் மருந்து அலமாரிப் பக்கம் விடாமல் திரும்பச் சேர்க்கலாம்.

வார்டு இன்சார்ஜ், மணலி: ஐயா சொல்வதுதான் சரி. ஆம்பூல் (ஊசி மருந்துக் குப்பி) காணாமல் போனால் பதில் சொல்வது நாங்கள்.

அதற்கு வழி உங்கள் கையில்தான் இருக்கிறது சிஸ்டர். போதை தரும் வலி மருந்துகளைப் பூட்டி வைக்கும் நார்கோடிக் அலமாரிச் சாவியை எவ்வளவு அவசரமானாலும் மாணவியிடம் கொடுக்காதீர்கள். மீந்த மருந்தை இன்னொரு ஸ்டாஃப் கண்ணெதிரே கொட்டி, இருவரும் அப்போதே ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடுங்கள். ஷிஃப்ட் முடிவில் மொத்தமாகப் போடுகிற கையெழுத்துக்கு மதிப்பே இல்லை. சாட்சிக் கையெழுத்தை மாணவியிடம் வாங்கவே கூடாது.

மாணவி, தண்டையார்பேட்டை: தூக்கத்துக்கு அவில் என்ற அலர்ஜி மாத்திரை போடலாமா?

முதல் பதிலைப் படிம்மா. சீனியர் கொடுத்தது, வார்டில் மீந்தது, எதுவும் வேண்டாம்.

மாணவர், திருவொற்றியூர்: வலிக்கு டிரமடால் மாத்திரை மட்டும்தான் போடுகிறேன், அதுவுமா?

அதுவும்தான். 2018 முதல் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்துவிட்டது, அளவு மீறினால் வலிப்பும் வரும். இதே கேள்வியை மருந்துப் பெயரை மட்டும் மாற்றி யாரும் இனி அனுப்ப வேண்டாம்.

பெயர் வேண்டாம்: என் தோழிக்காகக் கேட்கிறேன். சிகிச்சைக்குப் போனால் கேஸ் ஆகுமா?

1985 போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. சிறிய அளவோடு சிக்கிய அடிமைகூட, தானே முன்வந்து அரசு மையத்திலோ அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு, ஆனால் சிகிச்சையை முழுதாக முடிக்க வேண்டும். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குப் போகலாம், ஸ்டான்லியிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. முதலில் பேச மட்டும் வேண்டுமென்றால் 14446, இலவசம். காலை ஓ.பி.க்கே போகச் சொல், போடுகிற மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போகட்டும். டாக்டரைப் பார்க்கும் வரை அவளாக எதையும் நிறுத்த வேண்டாம். நீயும் கூடப் போ.